நாலு ரோட்டில் நின்ற கல்யாணப் பணம்

சனிக்கிழமை சாயங்காலம் விழுப்புரம் பஸ் நிலையத்தில் திண்டிவனம் போக நிற்பவர்கள் முதலில் வருகிற பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அவர் ஏற மாட்டார். கண்டக்டரைக் கூப்பிட்டு, விக்கிரவாண்டியில் நிற்குமா, டிக்கெட் எவ்வளவு, திண்டிவனத்தில் ஊருக்குள் வருமா, பைபாஸிலேயே இறக்கிவிடுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். எல்லாப் பதிலையும் வாங்கிக்கொண்டு, ‘நீங்க போங்க’ என்று மரியாதையாக அனுப்பிவைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போவார். ஒன்றில் டிக்கெட் கம்மி, ஆனால் உருட்டிக்கொண்டு போகும். இன்னொன்று பறக்கும், ஆனால் பைபாஸில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்குத் தனியாக அழ வேண்டும். இதையெல்லாம் கூட்டிக் கழித்து அவர் ஒரு முடிவுக்கு வருவதற்குள், முதல் பஸ்ஸில் ஏறிய நான் திண்டிவனத்தில் என் வீட்டுக்குப் போய், முகம் கழுவி, காபியும் குடித்திருப்பேன். திங்கட்கிழமை பார்க்கும்போது பரிதாபப்படுவது என்னவோ அவர்தான். ‘அவசரப்பட்டுட்டியேம்மா, பின்னால வந்த வண்டி உன்னுதைவிட கம்மி’ என்பார்.

ரூட்டு அண்ணன் என்று நாங்கள் கூப்பிடுவோம். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது, சம்பளம் வருகிற நாளில் மட்டும் வங்கிக் குறுஞ்செய்தியில் கண்ணில் படும். இங்கே அது வேண்டாம். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு போன். ஒன்றில் ஒரு விலையையும் மற்றதில் இன்னொரு விலையையும் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபடியே நடந்து வருவார். எதிரே வருகிற சைக்கிள்காரர்கள் அவரைத் தெரிந்து வைத்திருந்ததால்தான் உயிரோடு இருந்தார்.

அவர் எங்களுக்கு முதலாளி மாதிரி. மாதிரி என்று சொல்வதற்குக் காரணம், அவர் முதலாளியைப்போல ஒருநாளும் நடந்துகொள்ளவில்லை. ஓர் உரக்கடையின் மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, கணினிகள் போட்டு, வெளிநாட்டுக் கடைகளுக்குப் படம் வெட்டிக் கொடுக்கும் வேலை நடத்தினார். செருப்பு, கைப்பை, கண்ணாடி, குழந்தை உட்காரும் நாற்காலி என்று படங்கள் வரும். பின்னணியை அழித்து, பொருளை மட்டும் வெள்ளையில் நிறுத்தி அனுப்ப வேண்டும். நானும், கோட்டக்குப்பத்திலிருந்து வந்து விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கியிருந்த ஷாஜிதாவும் அவரிடம் ஆரம்பத்திலிருந்தே இருந்தோம். கீழேயிருந்து வருகிற யூரியா வாசனையில் நாங்கள் வெட்டிய இத்தாலிச் செருப்புகளுக்குக் கணக்கே இல்லை.

எங்களுக்கு வேலை கொடுத்த வெளிநாட்டுக்காரர் ஒருநாள், வங்கி வழியாகப் பணம் அனுப்பினால் நாளும் ஆகிறது, பிடித்தமும் அதிகம், இனிமேல் ஸ்டேபிள்காயினில்தான் தருவேன், அனுப்புகிற கட்டணத்தை அதில் கழித்துக்கொள்வேன் என்று எழுதிவிட்டார். ஸ்டேபிள்காயின் என்பது டாலரின் மதிப்பிலேயே நிற்கிற டிஜிட்டல் காசு. மற்ற கிரிப்டோ காசுகளைப்போல ஏறி இறங்கித் தூக்கத்தைக் கெடுக்காது, ஒரு காசு என்றால் ஒரு டாலர்தான். இதற்கு வரி கட்டுவது எப்படி என்று கேட்கப் போனதில் எங்கள் ஆடிட்டர் ஒரு வாரம் போனையே எடுக்கவில்லை. ‘எந்த நெட்வொர்க்கில் அனுப்பட்டும்?’ என்று அந்த வெளிநாட்டுக்காரர் கடிதத்தின் அடியில் ஒரு கேள்வி போட்டிருந்தார். பாவம், யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அன்று தொடங்கியது. ஷாஜிதாவின் அண்ணன் துபாயில் இருந்தார். மாதம் பிறந்தால் அங்கே ஒரு கடையில் பணத்தைக் கட்டுவார், இங்கே அவள் அம்மா போய் வாங்கிக்கொள்வார். அவ்வளவு சுலபமாகப் பணம் வந்து பழகிய குடும்பம். அதனால் அவள்தான் முதலில் கேட்டாள்.

“காசு ஒண்ணுதானேண்ணா. எதுல வந்தா இன்னா?”

“காசு ஒண்ணுதாம்மா. ரோடு வேற வேற. ரோட்டுக்கு ரோடு டோல் வேற.”

பிறகு செருப்பு வெட்டுவதை நிறுத்திவிட்டு அவர் சொன்னதைக் கேட்டோம். ஒரே டாலர் காசு எத்தீரியம் என்ற நெட்வொர்க் வழியாகவும் வரும், ட்ரான் வழியாகவும் வரும், சொலானா, பாலிகான் வழியாகவும் வரும். எத்தீரியம் பழைய பெரிய ரோடு, எல்லோரும் நம்புவது, கூட்டம் கூடினால் கட்டணம் தாறுமாறாக ஏறிவிடும். ட்ரானில் போகிறவர்கள் ஏராளம், கட்டணமும் கையைக் கடிக்காது என்று சொல்ல முடியாது. சொலானாவும் பாலிகானும் சில்லறைக் காசில் முடிந்துவிடும், கண் இமைப்பதற்குள் போய்ச் சேரும், ஆனால் வாங்குகிறவர் அந்த ரோட்டில் கதவு வைத்திருக்க வேண்டும். கதவில்லாத பக்கம் போய் நின்றால் பணம் கிணற்றில் போட்ட கல்தான். இதில் இன்னொரு வம்பு, ஒவ்வொரு ரோட்டுக்கும் கட்டணத்தை அந்த ரோட்டின் சொந்தக் காசில்தான் கட்ட வேண்டும். பையில் ஆயிரம் டாலர் காசு இருந்தாலும், அந்தச் சொந்தக் காசு துளியூண்டு இல்லாவிட்டால் ஒரு டாலர்கூட நகராது.

“பேஜாரு புடிச்ச ரோடா இருக்குதேண்ணா” என்றாள் ஷாஜிதா. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. வாழ்நாள் முழுவதும் தனக்காக யாரோ கட்டிவைத்த பஸ் நிலையத்துக்கு ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டவர் மாதிரி இருந்தார்.

அதன்பிறகு மாதக் கடைசியில் எங்கள் மாடியில் வேலை ஓடாது. வெளிநாட்டுக்காரர் பணம் அனுப்பத் தயாராக உட்கார்ந்திருப்பார். இவர் இரண்டு போனையும் மேஜையில் வைத்து, நாலு நெட்வொர்க்கின் கட்டணத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவார். மத்தியானம் கழிந்து ஏதோ ஒன்று குறைந்ததும் ‘இப்ப அனுப்பச் சொல்லு’ என்பார். அதற்குள் அந்த மனிதர் சாப்பிடப் போயிருப்பார். அவர் திரும்பி வரும்போது கட்டணம் ஏறியிருக்கும். இதற்குள் வாடகை கேட்கிறவர்கள், சீட்டுக்காரர்கள், கேஸ்காரர்கள் எல்லோரும் எங்களைப் போனில் தேடிவிடுவார்கள்.

அதற்காக அவரைப் பிசினாறி என்று நினைத்துவிடக் கூடாது. மிச்சம் பிடித்ததில் ஒரு பைசாவை அவர் வைத்துக்கொண்டதில்லை. பஸ் நிலையத்துக்கு வெளியே அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற மூன்று வண்டிகளையும் சுற்றிப் பார்த்து, எங்கே படி கோபுரமாக இருக்கிறதோ அங்கே வாங்கி, முழுப் பொட்டலத்தையும் எங்கள் மேஜையில் கொட்டுவார். தனக்கு ஒரு பிடிகூட எடுக்க மாட்டார். ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவருக்கு ருசி, சாப்பிடுவது எங்கள் வேலை.

அந்தக் குணத்தால் ஒருமுறை ஷாஜிதா பிழைத்தாள். அவள் சேர்த்து வைத்திருந்த டாலர் காசைத் தன் இன்னொரு கணக்குக்கு மாற்றப் போனாள். பழைய வரவுசெலவுப் பட்டியலில் இருந்த முகவரியைத் தொட்டு எடுத்துவிட்டாள். அனுப்பும் நேரத்தில் இவர் தடுத்து, எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னார். கணக்கு எண்ணுக்குப் பதிலாக இருக்கிற இந்த முகவரிகள் அனுமார் வால் மாதிரி நீளம். அவர் ஒரு போனைப் பார்த்துச் சத்தமாகப் படிக்க, அவள் மற்றதைப் பார்த்து ‘ஆமா, ஆமா’ என்று சொல்ல, பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல் மாடிப்படி வரைக்கும் கேட்டது. உரக்கடையில் மூட்டை வாங்க வந்த விவசாயி ஒருவர், மேலே ஏதோ மந்திரிக்கிறார்கள் என்று நினைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். முன்பக்கமும் பின்பக்கமும் சரியாக இருந்த அந்த முகவரி நடுவில் வேறாக இருந்தது. எவனோ ஒரு திருடன் அவளுடைய முகவரியைப்போலவே ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து துளிக் காசு அனுப்பி, பட்டியலில் சொருகி வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறான். ஷாஜிதா போனை மேஜையில் போட்டுவிட்டாள். அவர் திட்டவில்லை, பெருமையும் அடித்துக்கொள்ளவில்லை. ‘டீ சொல்லும்மா’ என்றார். எந்தக் கடையில் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, டீ வரச் சாயங்காலமாகிவிட்டது.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண் திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். சீட்டை நீட்டியவுடன் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டிச் சரியான டப்பாவை எடுக்கிறவள். எங்கள் வீட்டுக்கு அங்கேதான் மருந்து வாங்குவோம் என்பதால் எனக்கு அவளைத் தெரியும். அவளுடைய அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளையை அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. விழுப்புரம் பஸ் நிலையத்தில் வைத்துப் பல தடவை விவரம் சொல்லி அலுத்திருக்கிறார்.

“என் சர்வீஸ்ல இவ்ளோ வெவரம் கேட்டவன் எவனும் டிக்கெட் எடுத்ததில்ல தம்பி” என்று நிச்சயம் பேசுகிற இடத்திலேயே சொன்னாராம். இதை எங்களிடம் அண்ணனே சொல்லிச் சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் மண்டபச் செலவு மாப்பிள்ளை வீட்டாருடையது. தை மாதத்தில் இரண்டு ஜாதகத்துக்கும் ஒத்துவந்த முகூர்த்தம் ஒன்றே ஒன்றுதான். அண்ணன் திண்டிவனத்தில் இருந்த மண்டபங்களை எல்லாம் பார்த்தார். பந்தி எத்தனை பேருக்கு, தண்ணீருக்குத் தனிக் காசா, ஜெனரேட்டருக்கு டீசல் யாருடையது என்று விசாரித்து விசாரித்து வாரங்கள் போயின. ஒவ்வொரு மண்டபமாக வேறு ஆட்கள் பிடித்துக்கொண்டு போக, கடைசியில் ஒன்று மிஞ்சியது. மிஞ்சியதையே தேர்ந்தெடுத்ததாக எங்களிடம் சொல்லிக்கொண்டார்.

ஒருநாள் காலையில் நாங்கள் கணினியைத் திறக்கும்போது பெண்ணின் அப்பா போனில் வந்தார். சத்தம் எங்களுக்கே கேட்டது. அந்த மண்டபத்துக்கு வேறொரு பார்ட்டி கையில் ரொக்கத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறது, மேனேஜர் சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும்தான் பொறுப்பாராம்.

“இன்னிக்கு மண்டபம் எழுதலன்னா இந்தப் பேச்ச இதோட வுட்டுடலாம் தம்பி. என் பொண்ண பஸ் ஸ்டாண்டுல நிக்க வைக்க முடியாது.”

அண்ணன் போனை வைத்துவிட்டுச் சிரித்த முகமாகத்தான் இருந்தார். பணம் இருக்கிறதே. இத்தனை நாள் சேமிப்பு முழுவதும் ஸ்டேபிள்காயினில் இருந்தது. காசை ரூபாயாக்கும் ஆப்புக்கு அனுப்பி, விற்று, வங்கிக்கு மாற்றினால் முடிந்தது. எந்த நெட்வொர்க்கில் வைத்திருக்கிறீர்கள் என்று ஷாஜிதா கேட்டாள். நாலிலும் என்றார்.

எங்களுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஒவ்வொரு மாதமும் எது மலிவோ அதில் வாங்கியிருக்கிறார். அதனால் பணம் நாலு நெட்வொர்க்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எத்தீரியத்தில் கட்டணம் என்றுமில்லாமல் கீழே விழுந்திருக்கிறது. கம்மி என்ற சந்தோஷத்தில், அந்த மாதம் வந்தது அத்தனையையும் அதிலேயே வாங்கி வைத்துவிட்டார். அதுதான் பெரிய தொகை. சரி, கட்டணம் கட்ட ஒவ்வொன்றின் சொந்தக் காசும் இருக்கிறதா என்று கேட்டோம். அவை சும்மா கிடந்து வீணாகின்றனவே என்று போன வாரம்தான் நாலையும் கடைசித் துளி வரைக்கும் வழித்து விற்றிருக்கிறார்.

நாலு வண்டி நிறையச் சரக்கு, ஒன்றிலும் டீசல் இல்லை. ஷாஜிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஆப்பில் கொஞ்சம் ரூபாய் போட்டு, எத்தீரியத்தின் காசை வாங்கி, பெரிய தொகையை நகர்த்தினால் மத்தியானத்துக்குள் வேலை முடியும். நாங்கள் இருவரும் அதைத்தான் சொன்னோம். அவர் போனைப் பார்த்தார். எத்தீரியத்தின் கட்டணம் உச்சியில் நின்றது.

“கலிபோர்னியாக்காரங்க இன்னும் தூங்கல. அவங்க படுத்துட்டா கொறஞ்சிடும்” என்றார்.

கலிபோர்னியா தூங்குவதற்காக விழுப்புரத்தில் நாங்கள் காத்திருந்தோம். சும்மா இருப்பானேன் என்று அவர் பாலிகானில் இருந்ததை முதலில் எடுக்கப் பார்த்தார், அதில்தான் கட்டணம் கம்மி. அதற்கான காசை வாங்கி, வழக்கம்போல ஒரே ஒரு டாலரை வெள்ளோட்டமாக அனுப்பினார். அது போனது, ஆனால் ஆப்புக்கு வந்து சேரவில்லை. அந்த ரோட்டின் சொந்தக் காசுக்குத்தான் அவருடைய ஆப்பில் கதவு, டாலர் காசுக்கு இல்லை. ‘பார்த்தியா, ஒரு டாலரோட போச்சு’ என்று அவர் எங்களைப் பார்த்து வெற்றியோடு சொன்னார். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவரை இத்தாலிச் செருப்பாலேயே அடித்திருப்பேன், எங்களிடம் இருந்தது படம் மட்டும்தான்.

கைமாற்றாக எங்களிடம் இருந்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தோம். மாதக் கடைசி, எங்கள் சம்பளமே அந்த நாலு ரோட்டில்தான் எங்கோ நின்றது. தேறியது மண்டபத்தின் வாழைமரத்துக்குக்கூடக் காணாது. கடைசியில், மணி நாலை நெருங்கும்போது, ஷாஜிதாதான் அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி, ஏறிய கட்டணத்துக்கே எத்தீரியத்தின் காசை வாங்கிவிட்டாள். அவரையும் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய், புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏற்றி, கூடவே ஏறிக்கொண்டதும் அவள்தான். வழியில் அனுப்பிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அங்கேதான் அவர் அனுப்பும் பொத்தானைத் தொட்டார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். எட்டிப் பார்த்தால், அனுப்பியது ஒரு டாலர். வெள்ளோட்டம். அந்த ஒரு டாலருக்கு, பெரிய தொகைக்கு ஆகிற அதே கட்டணத்தை எத்தீரியம் வாங்கிக்கொண்டது. மறுபடியும் அனுப்பக் காசு பற்றவில்லை. மறுபடியும் வாங்க வேண்டும்.

“அண்ணா, ஜல்தியா மொத்தத்தையும் போடுங்க. அந்தப் பொண்ணு அங்க நின்னுக்கினு இருக்கு” என்றாள் ஷாஜிதா. அவர் அனுப்பிய அந்த ஒரு டாலரையே திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதை அப்போதுதான் கவனித்தேன். எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது. இந்த மனிதருக்குப் பணம் போய்விடுமோ என்று பயமில்லை, பெண் போய்விடுவாளோ என்றுதான் பயம். பயம் வந்தால் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை இன்னொரு தடவை சரிபார்ப்பது.

மொத்தத்தையும் அனுப்பிவிட்டார். ஆப்புக்கும் வந்துவிட்டது. விற்றும்விட்டார். திண்டிவனத்தில் இறங்கும்போது வங்கிக்கு மாற்றுகிற இடத்தில் ‘செயலாக்கத்தில் உள்ளது’ என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்கு ஓடினோம். மேனேஜர் அறையில் வேறொரு குடும்பம் வெற்றிலைத் தட்டை மாற்றிக்கொண்டிருந்தது. மணி ஐந்தரை.

வாசலில் பெண்ணின் அப்பா நின்றார். மருந்துக்கடையிலிருந்து பாதி வேலையில் வந்திருந்த அவள், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் நின்றாள். அண்ணன் இரண்டு போனையும் நீட்டி, பணம் இருக்கிறது, நாலு ரோட்டில் நின்றுவிட்டது, இதோ வந்துகொண்டே இருக்கிறது என்று ஆரம்பித்தார். சுற்றுகிற வட்டத்தை அந்த முன்னாள் கண்டக்டர் ஒரு பார்வை பார்த்தார்.

“போதும் தம்பி. ஒரு மண்டபம் புடிக்கத் தெரியாத ஆளு நாளைக்கு என் பொண்ண என்னா பாத்துக்குவாரு? நீ வாம்மா, போலாம்.”

அண்ணன் போன்களைப் பையில் போட்டுக்கொண்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. ஷாஜிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகராமல் நின்றது அந்தப் பெண் மட்டும்தான்.

“அப்பா, இவரு என்னைப் பாக்க வந்த அன்னிக்கு, இன்னும் மூணு வீடு பாக்கறதா ஏற்பாடு. அவங்க அம்மாதான் எங்கிட்ட சொன்னாங்க. கேசரி தட்டுகூட கீழ வைக்கல, இந்தப் பொண்ணு போதும், வண்டிய வூட்டுக்குத் திருப்புன்னுட்டாரு. மல்லாட்டை வாங்க மூணு வண்டி பாக்கற ஆளுப்பா.”

மாடியில் அத்தனை நாள் கூடவே உட்கார்ந்திருந்தும் இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

“தேதி அதேதான். மயிலத்துல மலைமேல முருகன் சன்னதியில வெச்சிக்கலாம். கோயில்ல ரசீது போட்டா போதும்” என்றாள் அவள், மாத்திரை எப்போது போட வேண்டும் என்று சொல்கிற அதே குரலில். சொல்லிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அண்ணன் வாயைத் திறந்தார். இந்தப் பக்கத்தில் கோயில்களுக்கா பஞ்சம், ஒவ்வொன்றிலும் ரசீது எவ்வளவு என்று இவர் ஆரம்பித்தால் அவ்வளவுதான்.

“மயிலமே போதுங்க” என்றார்.

ஷாஜிதா அழுதேவிட்டாள். பெண்ணின் அப்பா மகளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், உள்ளே வெற்றிலைத் தட்டு மாற்றுகிறவர்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அதுவரைக்கும் தம்பி என்று கூப்பிட்டுவந்தவர், அண்ணனின் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டார்:

“ரசீது போடவாவது கையில காசு இருக்குதா, மாப்ள?”